மாமாவின் கசெட்டுகள்

கேள்வி: 2009 இறுதிப் போரில் முல்லைத்தீவு மாத்தளனில் இருந்தபோது மாமா எடுத்த மினி-டிவி (MiniDV) வீடியோக் கசெட்டுகள் எங்களிடம் உண்டு. மாமா இப்போது இல்லை. ஆவணப்படம் செய்ய ஆசை. ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்தபோது செல்லடி ஒன்றுமே இல்லை. சமையல், கஞ்சி வரிசை, தறப்பாள் என்றே போகிறது. அம்மாவோ "அதைக் கிளறாதே" என்கிறா. என்ன செய்யலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, படம் பிறகு. முதலில் கசெட்டைக் காப்பாற்றுங்கள். அதன் விளிம்பிலுள்ள சின்ன ஆளியை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். தவறுதலாக மேலே எதுவும் பதிவாகாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் கமெராவில் போடவே வேண்டாம். கணினியில் ஏற்றும்போது ஃபயர்வயர் (FireWire) வயரால்தான் ஏற்றவேண்டும். கலியாண வீடியோ எடுத்த பழைய ஸ்டூடியோக்காரரிடம் அந்த வயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரிலும் படம் வரும்தான். ஆனால் காட்சியோடு கமெரா பதிந்துவைத்த திகதியும் நேரமும் தொலைந்துபோகும். நாளைக்கு யாராவது "இது எப்ப எடுத்தது?" என்று கேட்டால் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான். ஒரு மணிநேரக் கசெட் ஏற ஒரு மணிநேரம் பிடிக்கும், 13 ஜிபி அளவு இடம் போகும். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

செல்லடி இல்லையென்று ஏன் கவலை? முற்றுகைக்குள் இருந்தவர் எடுத்த படத்துக்கு அதுவா பெறுமதி? சிரியப் போரில் அலெப்போ நகருக்குள் இருந்து படம்பிடித்த வாட் அல்-கதீப், 2019இல் வந்த தன் படத்தைக் கைக்குழந்தை மகளுக்குச் சொல்வதுபோல அமைத்தார். குண்டுக்கு நடுவே பிள்ளை வளர்ப்பதும் அதில் இருக்கிறது. நம் சனம் நல்ல சேலைகளைக் கிழித்து பங்கருக்கு மண்மூட்டை தைத்ததே, அப்படி ஒன்று உங்கள் கசெட்டில் இருந்தால் ஒரு நொடியும் வெட்டாதீர்கள். கமெராவுக்குப் பின்னால் மாமா கதைப்பதையும் விடுங்கள். தயவுசெய்து மேலே சோக வயலின் போடாதீர்கள்!

முகங்கள் விஷயத்தில்தான் கவனம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சித் தெருவோரம் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் அம்மாமாரை நினையுங்கள். அவர்களில் ஒருவரின் மகன் உங்கள் கசெட்டில் வரிசையில் நிற்கலாம். அவர் அதை முகநூலில் கண்டு துடிக்கக்கூடாது. முதலில் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பெரியவர்கள், அவர்களிடமே கேளுங்கள்.

அம்மாவை வற்புறுத்த வேண்டாம். சத்தத்தைக் குறைத்து ஒரு சமையல் காட்சியை மட்டும் போட்டு, "இது யார் அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் வேண்டாமென்றால், சரி, அவ வரும் காட்சிகளை விட்டுவிட்டுப் படத்தைச் செய்யுங்கள். கசெட்டை மட்டும் எறிய விடாதீர்கள்.