இலங்கையில் கல்வியும் மருத்துவமும் எல்லோருக்கும் இலவசம்தானே? பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்கள் மட்டும் ஏன் பின்தங்கியிருக்கின்றன?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்து போனவர் என்று தோன்றுகிறது. கோபத்தில் சொல்லவில்லை. கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்: "ஆஸ்பத்திரி ஃப்ரீ, ஸ்கூல் ஃப்ரீ, உங்கட ஆக்களுக்கு இன்னும் என்ன குறை?"

ஆஸ்பத்திரி இலவசம்தான். போய்ச் சேர ரோட்டு வேண்டுமே.

நான் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், அதாவது தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீட்டில். அக்காவுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது ராத்திரியில், அடைமழை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரசவம் பார்க்க ஆளில்லை. தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனின் ரோட்டுக்கு வரமுடியாது என்று டவுன் ஆட்டோக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் படங்கை (தார்ப்பாயை) விரித்து அக்காவைப் படுக்கவைத்து, அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு குழிக்கும் அக்கா கத்தினாள். பிள்ளை லொறியிலேயே பிறந்துவிட்டது. இரண்டு உயிரும் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது நானிருக்கும், கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருகிறது.

பிறகு ரோட்டுக்காக மனு எழுதிக்கொண்டு பிரதேச சபைக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். "தம்பி, தோட்டத்துக்குள்ள சபைக் காசுல ஒரு கூடை கல்லு கொட்டக்கூட சட்டத்துல எடமில்ல" என்றார். உண்மைதான். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதுவரை நடந்த தேர்தல்களில் எல்லாம் அந்தச் சபைக்கு நாங்களும் வரிசையில் நின்று வாக்குப் போட்டோம். தோட்ட ஆபீசில் கேட்டால், ரோட்டுக்குக் கம்பெனி காசு ஒதுக்கவில்லை என்றார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இலவசம் எல்லாம் தோட்ட எல்லையோடு நின்றுவிட்டது. 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள், அது திரும்பக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆனது. 1945இல் வந்த இலவசக் கல்விக்குள் தோட்டப் பள்ளிக்கூடங்கள் வந்தது, அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்த எழுபதுகளில்தான். வீடு, தண்ணீர், மருந்து எல்லாம் தோட்டத்து நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம்.

"குடித்தே அழிக்கிறார்கள்" என்று யாராவது கீழே எழுத வருவார்கள். குடி இல்லை என்று நான் சொல்லவில்லை. சாராயமா எங்கள் ரோட்டைப் போடாமல் வைத்திருந்தது? வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தில் பட்ட பாட்டையும் நான் குறைத்துப் பேசவில்லை. கேள்வி தோட்டத்தைப் பற்றியது, அதனால் தோட்டத்தைப் பற்றி எழுதினேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. கூடையும் சிரிப்புமாக எங்கள் அம்மாவின் படம் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரத்தில் இருக்கிறது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன், பதிலே இல்லை. மலைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கொழுந்தைப் போட்டுவிட்டு வந்து நிற்கச் சொல்லாதீர்கள், நிறை குறைந்தால் அவர்களுக்கு அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.