வாக்குக் கொடுத்த பிறகு விலை ஏறினால்?

கேள்வி: என் பன்னிரண்டு சென்ட் நிலத்தைப் பக்கத்து நிலத்துக்காரருக்குத் தருவதாக, விலையும் பேசி முடித்து, வாய்மொழியாக ஒப்புக்கொண்டேன். முன்பணம் வாங்கவில்லை, எழுத்தும் இல்லை. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் நான்கு லட்சம் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். மகளின் கல்லூரிப் படிப்புக்கு அது பெரிய உதவி. ஜெபித்தபோது, இது கர்த்தர் திறந்த வாசல் என்றே தோன்றுகிறது. எழுதாத பேச்சு என்னைக் கட்டுப்படுத்துமா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: நிலம் கைமாறப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே அவர் வழக்குத் தொடுத்தாலும் கையில் வலுவான ஆதாரம் இராது. ஆனால் நீங்கள் கேட்பது, விசுவாசியாக அந்தப் பேச்சு உங்களைக் கட்டுப்படுத்துமா என்பது. கட்டுப்படுத்தும்.

கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத்தக்கவன் யார் என்று கேட்கும் 15ஆம் சங்கீதம், ‘ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்’ என்று அவனைப் பற்றிச் சொல்கிறது. ‘நான் ஆணையிடவில்லையே’ என்று நீங்கள் நினைக்கலாம். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சத்தியம் பண்ணவே வேண்டாம் என்று சொன்னது, சத்தியமில்லாத பேச்சை இலேசாக்குவதற்காக அல்ல. சாதாரணமாகச் சொல்லும் ‘ஆம்’ என்பதற்கே ஆணையின் பாரம் இருக்க வேண்டும் என்பதற்காக.

யோசுவா 9ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர் பழைய பாதரட்சைகளோடும் பூசணம் பூத்த அப்பங்களோடும் வந்து, தூரதேசத்தார் என்று பொய் சொல்லி, இஸ்ரவேலின் தலைவர்களிடம் உடன்படிக்கை வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. சபையார் முறுமுறுத்தும், கர்த்தர்மேல் ஆணையிட்டாயிற்று என்று தலைவர்கள் கிபியோனியரைத் தொட மறுத்துவிட்டார்கள். பல தலைமுறைக்குப் பிறகு சவுல் ராஜா அந்த வாக்கை மீறியதற்காக தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாயிற்று என்று 2 சாமுவேல் 21 சொல்கிறது. பொய்யர்களுக்குக் கொடுத்த வாக்கையே தேவன் இவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார் என்றால், உங்களை நம்பி நகையை அடகு வைக்கத் துணிந்தவருக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி நான் என்ன சொல்ல?

‘கர்த்தர் திறந்த வாசல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. மனம் மாறியதற்குக் கர்த்தருடைய பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம் சபைகளில் பெருகிவிட்டது. கூடுதல் விலை வந்தது உண்மை. அதைக் கர்த்தர் அனுப்பினார் என்பதற்கு அந்த விலையைத் தவிர வேறு சான்று இல்லை. கொடுத்த வாக்கு இப்போது உங்கள் கையில் இல்லை. அதை வாங்கிக்கொண்டவர் கையில் இருக்கிறது. விடுவிக்க வேண்டுமானால் அவரே விடுவிக்க வேண்டும். அவரிடம் விலையைக் கூட்டிக் கேட்பதும் வேண்டாம். கடனுக்கு இறங்கிவிட்டவரிடம் அப்படிக் கேட்பது நெருக்குவதாகும்.

இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து, பேசிய விலைக்கே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். முன்பணமும் மீதிப் பணத்துக்குக் கெடுவும் அதில் இருக்கட்டும். கெடுவுக்குள் அவரால் முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதிக்கொண்டால், பிறகு இருவருக்கும் மனக்கசப்பு வராது. மகளின் படிப்புக்கு வங்கிக் கல்விக்கடன், உதவித்தொகை என்று வழிகள் இருக்கின்றன.

(நிறைவேற்றினால் பாவமாகிவிடும் வாக்கு வேறு. விருந்தினர் முன் ஆணையிட்டதற்காக யோவான்ஸ்நானனைக் கொன்ற ஏரோது அதை மீறியிருக்க வேண்டும். உங்கள் காரியம் அப்படிப்பட்டதல்ல.)

கேள்வி: ஸ்தோத்திரப் பண்டிகையில் ஆலயக் கட்டட நிதிக்கு ஐம்பதாயிரம் தருவதாக அறிவித்தேன். பிறகு கடையை மூட வேண்டியதாயிற்று. கமிட்டியாரைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஆராதனைக்கே போகவில்லை. வட்டிக்கு வாங்கியாவது கட்டவா?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: வட்டிக்கு வாங்க வேண்டாம் சகோதரி. பொருத்தனை பண்ணியவன் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால் அவன் ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும், அவனுடைய திராணிக்கேற்றபடி ஆசாரியன் தொகையை மதிக்க வேண்டும் என்று லேவியராகமம் 27:8 வழி செய்திருக்கிறது. பிரசங்கி 5ஆம் அதிகாரம், நேர்ந்துகொண்டதைத் தாமதியாமல் செலுத்தச் சொல்வதும் உண்மையே. அதனால் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. குருவானவரிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். மாதம் முந்நூறு முடியுமானால் முந்நூறு என்று சொல்லி, அதைத் தவறாமல் கட்டுங்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது காணிக்கையைக் குறித்துத்தான்.

கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள்: பாக்கி வைத்தவர்களின் பெயர்களை ஆராதனையில் வாசிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.