காலி உறையும் ரீலோடிங் பிரஸ்ஸும் ஒரே அலமாரியில் இருந்தால்

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு பிஸ்டல் வீரர் எழுதியிருக்கிறார். மாநிலப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் சுடுபவர். கலெக்டர் அலுவலகம் கொடுத்த லைசென்ஸில் .32 பிஸ்டல் ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் மச்சான் போன பொங்கலுக்கு வரும்போது ஒரு ரீலோடிங் பிரஸ் (சுட்ட காலி உறையை மறுபடி தோட்டாவாக்கும் கை இயந்திரம்), அதற்கான டை செட் (எஃகு அச்சுகள்), ஒரு சின்னத் தராசு, 500 ஈயக் குண்டுகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவர் 2 வருஷமாக ரேஞ்சில் பொறுக்கிய காலி உறைகள் 800-க்கு மேல் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் வீட்டு அலமாரியில் ஒன்றாக இருக்கிறது. மருந்துக்கும் பிரைமருக்கும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஒரு நண்பர் வழி சொல்லியிருக்கிறாராம், பட்டாசு ஆலையில் தெரிந்தவர் இருக்கிறாராம். "நான் விற்கப் போவதில்லை, என் பயிற்சிக்கு மட்டும்தான், லைசென்ஸும் இருக்கிறது, இதில் தப்பு என்ன சார்?" என்று கேட்கிறார். கூடவே, கிளப்பில் 2 பேர் காசு தருகிறோம், எங்களுக்கும் தோட்டா போட்டுக் கொடு என்கிறார்களாம், அது சரியா என்றும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆரம்பிக்காதீர்கள். ஒரே ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். நீங்கள் இன்னும் எதையும் தயாரிக்கவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த ஒரே விஷயம். ஆனால் இன்றைக்கே, எதுவும் செய்யாமலே, நீங்கள் ஏற்கெனவே சிக்கலில்தான் இருக்கிறீர்கள். அது ஏன் என்பதை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு சென்டர் ஃபயர் மேட்ச்சுக்கு 60 குண்டு, முதல் 30 நிதானமாக, அடுத்த 30 ஒவ்வொன்றும் 3 வினாடிக்குள். வாரம் 2 முறை முழு மேட்ச் சுட்டாலே வருஷத்துக்கு 6,000 தாண்டிவிடும். லைசென்ஸில் எழுதியிருக்கும் அளவு அதன் பக்கத்திலேயே வராது. நல்ல வாட்கட்டர் தோட்டா, அதாவது குண்டின் முகம் தட்டையாக உறையின் வாயோடு சமமாக உட்கார்ந்து, தாளில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை போடுமே அது, பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. கிடைப்பதும் கஷ்டம், விலையும் கஷ்டம். .22-க்கு இந்தப் பேச்சே கிடையாது, அதில் பற்றவைக்கும் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்டால் அந்த உறை அவ்வளவுதான். .32-இல் பிரைமர் தனியாக நடுவில் இருக்கிறது, தட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கலாம். அதனால்தான் இந்த ஆசை சென்டர் ஃபயர்காரர்களுக்கு வருகிறது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா இதே சென்டர் ஃபயரில் 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்த மட்டத்தை நோக்கி உழைக்கிற ஒருவர் தோட்டாவுக்குத் தோட்டா வித்தியாசம் இருக்கக் கூடாது என்று நினைப்பது நியாயம்தான்.

ஆனால் உங்கள் மச்சான் இருக்கும் ஊரின் சட்டம் வேறு, இந்த ஊரின் சட்டம் வேறு. அமெரிக்க மத்தியச் சட்டத்தில், தோட்டா தயாரிப்பதைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் உரிமம் வேண்டும். தன் உபயோகத்துக்கு கராஜில் உட்கார்ந்து போட்டுக்கொள்பவரை அது கேட்பதில்லை. அதனால் மச்சானுக்கு இது மாவு அரைக்கிற மெஷின் மாதிரி ஒரு சாமான், அவர் மேல் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம் 1959 ஆயுதச் சட்டம் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. விற்கவா, சொந்தத்துக்கா என்று 5-ஆம் பிரிவு பார்க்காது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"லைசென்ஸ் இருக்கிறதே" என்கிறீர்கள். உங்களிடம் இருப்பது துப்பாக்கியையும் குறிப்பிட்ட அளவு தோட்டாவையும் வாங்கி வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். 3-ஆம் பிரிவில் வருவது அது. தயாரிப்பு உரிமம் 5-ஆம் பிரிவில் வருவது, மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகிற, தொழிற்சாலை வைப்பவர்கள் வாங்குகிற சமாச்சாரம். காலி உறையில் பிரைமரும் மருந்தும் குண்டும் வைப்பது தயாரிப்பா, வெறும் கோத்தலா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். ஆனால் காலையில் இல்லாத ஒரு உயிருள்ள தோட்டா சாயங்காலம் உங்கள் மேஜையில் இருக்கிறது என்றால், அதைத் தயாரிப்பு இல்லை என்று ஒரு நீதிபதியை நம்பவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வாதத்தை நம்பி உங்களை இறங்கச் சொல்லவும் மாட்டேன்.

தண்டனையைச் சொன்னால்தான் கனம் புரியும். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்கு முன்னால் இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம். இப்போது குறைந்தபட்சமே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த திருத்தம்தான். ஆனால் சட்டத்தின் வாசகத்தில் பட்டறைக்காரன் என்றும் விளையாட்டு வீரன் என்றும் பிரித்து எழுதவில்லை. ஆயுள் வரை போகிற குற்றம் என்பதால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட் மனசு வைத்தால்தான்; செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை.

சரி, இன்னும் எதுவும் தயாரிக்கவில்லையே, பிறகு ஏன் சிக்கலில் இருப்பதாகச் சொல்கிறேன்?

"தோட்டா" என்பதற்கு நம் சட்டம் கொடுக்கும் விளக்கத்தைப் பலர் படித்ததே இல்லை, துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களும்கூட. 2-ஆம் பிரிவில், தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும்கூட 'தோட்டா' என்ற சொல்லுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது உங்கள் அலமாரியில் இருக்கும் அந்த இரும்பு பிரஸ், அதில் ஒரு மில்லிகிராம் மருந்து ஒட்டியிருக்காவிட்டாலும், சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டா. உங்கள் லைசென்ஸில் அது ஏறவில்லை. லைசென்ஸில் இல்லாத தோட்டாவை வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம் வரை தண்டனை. அதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது 10-ஆம் பிரிவில் இன்னொரு கேள்வி. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவு கொண்டுவரலாம் என்று அங்கே ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது வைத்துக்கொள்ள உரிமை உள்ளவர் தனக்காகக் கொண்டுவருவதற்கு. மச்சான் உங்களுக்காகக் கொண்டுவந்ததை அதற்குள் நுழைப்பது கஷ்டம்.

இனி அந்த 800 காலி உறைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. சுட்ட உறையும் 'தோட்டாவின் பாகம்' என்று பிடிக்கலாம். ஆனால் 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: தோட்டாவின் சில்லறைப் பாகங்களை, அவற்றோடு சேரவேண்டிய மற்றப் பாகங்களோடு சேர்த்து உபயோகிக்கும் எண்ணமில்லாமல் ஒருவர் வைத்திருந்தால், இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ரிட்டயரான ராணுவத்துக்காரர் வீட்டு ஷோகேஸில் பித்தளை உறை மின்னுகிறதே, சாவிக்கொத்தில் ஒன்று தொங்குகிறதே, அவர்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான். உங்கள் உறைகளும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாகக் கிடந்தால் அதே வரியின் நிழலில் நிற்கலாம். இப்போது அவை எங்கே இருக்கின்றன? பிரஸ்ஸுக்குப் பக்கத்தில், அதே காலிபர் டை செட்டோடு, அதே அளவுக் குண்டோடு.

ஒரு நிமிஷம் அந்த அலமாரியை எஸ்.ஐ. திறப்பதாக நினைத்துப் பாருங்கள். மகஜரில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவார்: கைப்பிடியுடன் கூடிய இரும்பு இயந்திரம் 1, உருளை வடிவ எஃகு அச்சுகள் ஒரு பெட்டி, எடை பார்க்கும் தராசு 1, ஈயக் குண்டுகள் 500, அடிப்பக்கம் நடுவில் குழி விழுந்த பித்தளை உறைகள் 800-க்கு மேல். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணச் சாமான்கள் போலத்தான் தெரியும். ஒரே பக்கத்தில் படித்தால், எண்ணம் என்ன என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. உறை மாறவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பொருள் அதன் பெயரை மாற்றிவிட்டது.

விமான நிலையத்தில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா கிடைத்தது, வழக்கு ரத்தானது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். உண்மைதான். வைத்திருப்பது தெரிந்து வைத்திருப்பதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், பிறகு 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. அது மறந்துபோனவருக்கான பாதுகாப்பு. எண்ணி எடுத்து அடுக்கி வைத்திருக்கும் உங்களுக்கு அது உதவாது.

இன்னொன்று. 3-ஆம் பிரிவு மீறலுக்கு வழக்குப் போட வேண்டுமானால் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. அது ஒரு நல்ல வடிகட்டி, விளையாட்டு வீரர் என்று எடுத்துச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும். 5-ஆம் பிரிவு மீறலுக்கு, அதாவது தயாரிப்புக்கு, அந்த வடிகட்டி கிடையாது. முதல் தோட்டாவைப் போடும் நிமிஷத்தில் நீங்கள் தாண்டும் கோடு அது. அதனால்தான் ஒன்றுகூடப் போடாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

பட்டாசு மருந்து விஷயத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வருகிறது. அந்த நண்பரின் பேச்சை இத்தோடு விடுங்கள். பட்டாசுக்குள் இருப்பதும் பிஸ்டல் தோட்டாவுக்குள் இருப்பதும் ஒரே பொருள் இல்லை, எரியும் விதமே வேறு. கையில் பிடித்திருக்கும் துப்பாக்கி வெடித்தால் போவது உங்கள் விரலும் கண்ணும், பக்கத்து லேனில் நிற்கும் பிள்ளையின் கண்ணும். சட்டத்திலும் அது ஆயுதச் சட்டத்தோடு நிற்காது. 1884 வெடிபொருள் சட்டம் வரும், சந்தேகமான சூழ்நிலை என்று நினைத்தால் இன்னும் கடுமையான 1908 வெடிக்கும் பொருள்கள் சட்டமும் வரும். ஆலையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆளும் குற்றவாளி வரிசையில் நிற்பார், அவர் வேலைக்குப் போகிற ஏழையாக இருப்பார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கிளப் நண்பர்களுக்குப் போட்டுக் கொடுப்பதைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. தயாரிப்போடு விற்பனையும் சேரும். காசு வாங்காமல் கொடுத்தாலும் கைமாற்றுதல்தான், அதையும் 5-ஆம் பிரிவு பார்க்கிறது.

இப்போது என்ன செய்வது? முதலில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிறேன், ஏனென்றால் பயந்தவர்கள் தவறு செய்வது அங்கேதான். பிரஸ்ஸை ஆன்லைனில் விற்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். பவானி ஆற்றில் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தடயத்தை மறைத்தது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 238-ஆம் பிரிவையும் சேர்த்துக்கொண்டதாக ஆகும். மச்சானிடமே திருப்பிக் கொடுத்து அனுப்புவதும் வேண்டாம், வெளியே கொண்டுபோவதற்கும் அதே 10-ஆம் பிரிவுதான், மாட்டுவது அவராக இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டிருந்தால் அதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதீர்கள், வக்கீலைக் கேட்காமல் அழிக்கவும் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது, உங்கள் மாவட்டத்தில் கிரிமினல் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலை இந்த வாரமே பார்ப்பது. வைத்திருக்க உரிமை இல்லாமல் போன ஆயுதத்தையோ தோட்டாவையோ தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க 21-ஆம் பிரிவு வழி சொல்கிறது. அந்தப் பிரிவு, ஒரு காலத்தில் சட்டப்படி இருந்து பிறகு இல்லாமல் போனதைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் பிரஸ் எப்போதும் சட்டப்படி இருந்ததில்லை. ஆகவே அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு முழுசாகக் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் தானாக முன்வந்து, எழுத்தில், கலெக்டருக்கு மனு கொடுத்து ஒப்படைத்தவரையும், ரெய்டில் பிடிபட்டவரையும் எந்த அதிகாரியும் ஒரே மாதிரி பார்க்க மாட்டார். மனுவில் என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும், அதில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு உங்களுக்கு எதிராகப் படிக்கப்படலாம். மனு போவதற்கு முன்னால் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள், இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482-ஆம் பிரிவு. உறைகளை கிளப்பிலேயே திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் எண்ணிக்கை எழுதி கையெழுத்து வாங்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

இதுவரை சொன்னது உங்களைப் போலத் தயாரிக்காதவர்களுக்கு. ஏற்கெனவே போட்டு வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், அதைச் சுட்டுத் தீர்க்கவும் வேண்டாம், வீட்டில் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். இருக்கிறபடி பூட்டி வைத்துவிட்டு நேராக வக்கீலிடம் போங்கள்.

தோட்டா போதவில்லை என்ற உண்மையான பிரச்சினைக்கு நேர்வழி உண்டு, மெதுவான வழிதான். லைசென்ஸில் உள்ள தோட்டா அளவை உயர்த்திக் கேட்டு கலெக்டருக்கு மனு போடுங்கள். கடந்த போட்டிகளின் ஸ்கோர் ஷீட், மாநிலச் சங்கத்தின் பரிந்துரைக் கடிதம், ரேஞ்சில் சுட்ட கணக்கு மூன்றையும் இணையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. இறக்குமதித் தோட்டா வேண்டுமானால் மாநிலச் சங்கம், தேசிய ரைஃபிள் சங்கம் வழியாகப் போங்கள், அளவையும் தகுதியையும் அவர்கள் சொல்வார்கள். நீங்கள் வைத்திருப்பது வால்தர் ஜிஎஸ்பி மாதிரி .22-க்கு மாற்றக்கூடிய பிஸ்டல் என்றால் தினப் பயிற்சியை .22-இல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த மாற்றுப் பாகமும் ஆயுதத்தின் பாகம்தான், லைசென்ஸில் ஏறின பிறகே கைக்கு வர வேண்டும். தயவுசெய்து இதையும் மச்சானிடம் சொல்லி வரவழைக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டையும் மறக்க வேண்டாம். கிரிமினல் வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால், ஒவ்வொரு வெளிநாட்டுப் போட்டிக்கும் கோர்ட் அனுமதி வாங்கித்தான் கிளம்ப முடியும். வக்கீலைப் பார்க்கப் போகும்போது லைசென்ஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகலும், டீலரிடம் தோட்டா வாங்கிய பில்களும் எடுத்துப் போங்கள். பிரஸ்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.