அறிவியல், தொழில்நுட்ப எழுத்துக்கு ஒரு பருவத் தாள்: கேள்வி பதில்

வரும் பருவத்தில் அறிவியல், தொழில்நுட்ப எழுத்து என்று தனித்தாள் தொடங்கப்போகும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டார ஆசிரியர்களும், அதைப் படிக்கப்போகும் சிலரும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை, ஆங்கிலத் துறை ஆசிரியை: சார், எங்களுக்கு 3 கிரெடிட் ஒதுக்கியிருக்காங்க. இலக்கணம், கடிதம், அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, மேடைப் பேச்சுன்னு 5 யூனிட்டா பிரிச்சா சரியா வருமா?

பாடத்திட்டக் குழுவில் (போர்டில்) உடனே ஒப்புக்கொள்வார்கள் மேடம். ஆனால் அப்படிப் பிரித்தால் பத்தாவது வாரம் வரை ஒரு பிள்ளையும் முழுதாக ஒரு பக்கம் எழுதியிருக்காது.

3 கிரெடிட் என்றால் 15 வாரம், 45 மணி. உள்மதிப்பீட்டுத் தேர்வு, கல்லூரி விழா என்று 5 மணியாவது போய்விடும். மிச்சம் 40. அதற்குள் நான்கே நான்கு ஆவணங்களை எழுத வையுங்கள்: ஒரு செய்முறைக் குறிப்பு, ஒரு தரவு அறிக்கை, ஒரு பழுது அல்லது கள அறிக்கை, ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் 8 மணி. மாதிரிகளைப் படித்துப் பார்க்க 1, திட்டமிட 1, வகுப்பிலேயே முதல் வரைவு எழுத 2, தாளை மாற்றிப் படிக்க 1, எல்லாருக்கும் பொதுவான பிழைகளைப் பேச 1, திருத்தி எழுத 2. இதில் 32 மணி ஆயிற்று. மீதி 8 மணியை அலகு, அட்டவணை, வரைபடம், மேற்கோள் ஆகியவற்றுக்கு வையுங்கள்.

திருத்தி எழுதும் 2 மணியைக் கால அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். 'வீட்டில் திருத்திக் கொண்டு வா' என்றால் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொண்டு வருவார்கள். இந்தத் தாளின் உயிரே அந்த 2 மணியில்தான் இருக்கிறது. இலக்கணத்துக்குத் தனி யூனிட் வேண்டாம். பிழை வரும் இடத்தில், அவர்கள் எழுதிய வாக்கியத்தை வைத்தே சொல்லிக் கொடுத்தால் போதும்.

அம்பாசமுத்திரம், தாவரவியல் ஆசிரியர்: முதல் பயிற்சியா எதைக் கொடுக்கலாம்?

மண் மாதிரி எடுக்கும் முறை. ஒரு விவசாயி கையில் கொடுக்கிற மாதிரி, ஒரே பக்கத்தில். எல்லாருக்கும் தெரிந்த வேலைதானே என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பெரும்பாலும் முதல் வரைவில் இப்படி ஒரு வரி வரும்: 'வயலில் பல இடங்களில் மண் எடுத்து, நன்கு கலந்து, ஆய்வகத்துக்கு அனுப்பவும்.' பல இடம் என்றால் எத்தனை? எவ்வளவு ஆழம்? பத்து கிலோ சேர்ந்துவிட்டால் அத்தனையையும் அனுப்புவதா? எந்த இடத்தில் எடுக்கக் கூடாது? ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும் வேலை இவ்வளவு: வரப்பு, வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குழிப் பக்கம், அண்மையில் உரம் போட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்க வேண்டும், மேல்மண்ணைச் சுரண்டக் கூடாது. நெல் வயல் என்றால் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, குழியின் இரு சரிவிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக 10 முதல் 15 இடங்களில் இப்படி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலக்க வேண்டும். நுண்ணூட்டச் சத்தும் பார்க்க வேண்டுமானால் துருப்பிடித்த மம்பட்டியும் இரும்புச் சட்டியும் ஆகாது, இரும்பின் அளவு கூடிக் காட்டிவிடும். கலந்த மண்ணை வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பாகங்களைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், தேதி, முன்பு வைத்த பயிர், இனி வைக்கப்போகும் பயிர் எழுதிய சீட்டை வைக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் வேறு துறை மாணவர் ஒருவரிடம் அந்தத் தாளையும் வாளியையும் மம்பட்டியையும் கொடுத்துக் கல்லூரி வளாகத்தில் ஓர் இடத்தைக் காட்டுங்கள். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. படிப்பவர் எந்த இடத்தில் நின்று நிமிர்ந்து பார்க்கிறாரோ அந்த வரியைத்தான் திருத்த வேண்டும். அநேகமாக நான்காகப் பிரிக்கும் இடத்தில்தான் நிற்பார்கள், 'எதிரெதிரான' என்ற சொல் விட்டுப்போயிருக்கும். அடுத்தது எச்சரிக்கை. 'வெயிலில் உலர்த்தக் கூடாது' என்பது கடைசிக் குறிப்பாக இருந்தால், அதைப் படிக்கும்போது மண் ஏற்கெனவே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். எச்சரிக்கையை அந்தப் படிக்கு முன்னால் எழுத வேண்டும்.

தென்காசி, இயற்பியல் ஆசிரியர்: தரவு அறிக்கைக்கு எண்கள் எங்கே போய் எடுக்க? எங்க லேப்ல கருவி குறைவு.

நாளிதழிலேயே இருக்கிறது சார். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் நீர்வரத்தும் தினமும் வருகிறது. முழு மட்டம் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. பதினைந்து நாள் எண்களைக் குறித்து, ஒரு அட்டவணை, ஒரு வரைபடம், 150 சொல்லில் ஒரு பத்தி என்று கேளுங்கள்.

இதில் மூன்று தவறு தவறாமல் வரும். ஒன்று, அலகு மாற்றும்போது கால்குலேட்டரில் வந்ததை அப்படியே எழுதுவது. 143 அடியை 43.5864 மீட்டர் என்பார்கள். மட்டத்தை முழு அடியில் அளந்துவிட்டு மீட்டரில் நான்கு தசமம் சொல்ல முடியாது, 43.6 போதும். இரண்டு, அட்டவணையில் உள்ளதையே பத்தியில் ஒப்பிப்பது. பத்தி சொல்ல வேண்டியது வேறு: எந்த நாளில் போக்கு மாறியது, வரத்து கூடி எத்தனை நாள் கழித்து மட்டம் உயர்ந்தது. மூன்றுதான் ஆபத்தானது: மட்டம் பாதி, ஆகவே தண்ணீரும் பாதி என்று எழுதுவது. அணைப்பகுதி கீழே குறுகி மேலே விரிந்தது. பாதி உயரத்தில் பாதிக்கும் குறைவான நீர்தான் இருக்கும். எண் சரி, வாக்கியம் தவறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வரத்தைச் சரிபார்க்க ஒரு கணக்கு: வினாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 8.64 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக, 1,000 கன அடி வரத்தில் ஒரே நாளில் ஒரு டி.எம்.சி. ஏறியது என்று எவராவது எழுதினால் அங்கேயே பிடித்துவிடலாம்.

மழைக் கணக்கைக் கொடுத்தால் தேதியில் கவனம் வேண்டும். வானிலைத் துறையின் மழை அளவு காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கு உரியது. 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது 18ஆம் தேதி காலை 8.30 வரையான கணக்கு. அந்த மழையில் பெரும்பகுதி பெய்தது 17ஆம் தேதி. 'பெய்த நாள்', 'பதிவான நாள்' இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால் இரண்டு அறிக்கைகளை ஒப்பிடவே முடியாது.

களக்காடு, கணிதத் துறை ஆசிரியை: தமிழ்லயா, இங்கிலீஷ்லயா சார்?

படிக்கப்போகிறவர் யாரோ அவர் மொழியில். மண் மாதிரிக் குறிப்பு தமிழில், கம்பெனிக்குப் போகும் பழுது அறிக்கை ஆங்கிலத்தில், ஆய்வுச் சுருக்கம் இரண்டிலும். கலைச்சொல்லுக்குத் தமிழக அரசின் சொற்குவை தளத்தைப் பாருங்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஆவணம் முடியும்வரை அதே சொல். முதல் பக்கத்தில் மின்மாற்றி, மூன்றாம் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் என்று வந்தால் படிப்பவர் இரண்டு கருவி என்று எண்ணுவார். கதைக்கு அழகு சேர்க்கும் சொல்மாற்றம் இங்கே கெடுதல்.

கயத்தாறு, காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் டிப்ளமோ மாணவர்: அண்ணாச்சி, நாங்க எழுதுத பழுது அறிக்கைய மேல உள்ளவங்க திருப்பி அனுப்பிட்டே இருக்காங்க. என்ன குறை?

கண்டதையும் ஊகித்ததையும் ஒரே வரியில் எழுதுவதாக இருக்கும் தம்பி. 'கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது' என்பது உங்கள் முடிவு. கண்டது என்ன? எத்தனை மணிக்கு இயந்திரம் நின்றது, அப்போது காற்றின் வேகம் என்ன, எண்ணெய் வெப்பநிலை என்ன காட்டியது, கட்டுப்பாட்டுப் பெட்டியில் வந்த பிழை எண் என்ன, வடிகட்டியில் உலோகத் துகள் இருந்ததா. இவற்றை முதலில் எழுதுங்கள். அடுத்து செய்த வேலை. அதற்கப்புறம் தனிப் பத்தியில் 'காரணமாக இருக்கக்கூடியது' என்று உங்கள் ஊகம். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு மணியும் காசு. ஆகவே இயந்திரம் இப்போது ஓடுகிறதா, இல்லையா என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.

பேட்டை, வேதியியல் ஆசிரியர்: 60 பிள்ளைகள் சார். யார் திருத்த?

60 பேர், 4 ஆவணம், ஆளுக்கு 2 வரைவு: 480 தாள். தாளுக்கு 10 நிமிடம் என்றால் 80 மணி. ஒரு ஆசிரியரால் ஆகாது. முதல் வரைவை நீங்கள் தொடவே வேண்டாம், மாணவர்களே மாற்றிப் படிக்கட்டும். ஆனால் 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் எழுதுவார்கள், கூட்டாளியை யார் விட்டுக்கொடுப்பார்? கைவேலையாகக் கொடுங்கள்: அலகு இல்லாத எண்ணை வட்டமிடு. முக்கிய முடிவு இருக்கும் வரியை அடிக்கோடிடு. இரண்டு முறை படிக்க வேண்டியிருந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடு. அடிக்கோடிட ஒரு வரியும் கிடைக்கவில்லை என்றால் எழுதியவருக்கே புரிந்துவிடும்.

இறுதி வரைவில் தாளுக்கு மூன்று குறைக்கு மேல் குறிக்காதீர்கள். தாள் முழுக்கச் சிவப்பாக வந்தால் எது பெரிய பிழை என்று தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். மதிப்பெண்ணில் கால் பங்கையாவது முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையில் நடந்த மாற்றத்துக்குக் கொடுங்கள். அதற்கு இரண்டையும் சேர்த்துக் கட்டி வாங்க வேண்டும்.

அதே ஆசிரியர்: பருவத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வுதான்னு சொல்லிட்டாங்க.

சரி, 'வரையறு', 'வேறுபடுத்து' கேள்விகளைக் குறைத்துவிட்டு, குறையுள்ள ஒரு பக்க அறிக்கையை அச்சிட்டுக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றுக்கு, ஒரு அட்டவணையைக் கொடுத்து 100 சொல்லில் முடிவுப் பகுதி எழுதச் சொல்லலாம். மனப்பாடம் செய்து வந்து இதை எழுத முடியாது.

அபிஷேகப்பட்டி, ஆய்வு மாணவி: கட்டுரையை முன்னுரையில் தொடங்கினால் நகரவே மாட்டேங்குது.

கடைசியில் வர வேண்டியதை முதலில் எழுதுகிறீர்கள் அம்மா. படங்களையும் அட்டவணைகளையும் முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து முறை, பிறகு முடிவு, பிறகு விவாதம். என்ன கண்டுபிடித்தோம் என்று தெளிந்த பின்புதான் முன்னுரை எந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும் என்று தெரியும். சுருக்கம் எல்லாவற்றுக்கும் பின்.

முறைப் பகுதிக்கு ஒரு சோதனை உண்டு. 'கூந்தன்குளத்தில் நீர்ப்பறவைகள் எண்ணப்பட்டன' என்ற வரியை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே கணக்கை எடுக்க முடியுமா? எந்த மாதம், காலையா மாலையா, எத்தனை இடத்திலிருந்து, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம், எத்தனை பேர், பறந்து வந்து சேர்ந்தவற்றைக் கணக்கில் எடுத்தார்களா, கூட்டிலிருக்கும் குஞ்சுகளைச் சேர்த்தார்களா. இத்தனையும் வேண்டும். குஞ்சு விஷயம் ஒன்றே போதும், மொத்த எண்ணிக்கை தலைகீழாக மாறிவிடும்.

வள்ளியூர், எம்.எஸ்சி. மாணவர்: மென்பொருள் காட்டுற ஒப்புமை 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தா திருட்டு இல்லைதானே சார்?

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்கிறது. அதற்கு மேல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60க்கு மேல் என்று படிப்படியாகக் கடுமையாகும். மேற்கோள் காட்டி எடுத்த பகுதி, நூற்பட்டியல், நன்றியுரை போன்றவை கணக்கில் சேராது. ஆனால் மென்பொருள் பார்ப்பது சொல் ஒற்றுமையை மட்டும். இன்னொருவருடைய வரைபடத்தையோ கருத்தையோ பெயர் சொல்லாமல் எடுத்தால் 2 சதவீதம் காட்டினாலும் அது திருட்டுத்தான். ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கோப்பை மென்பொருளால் தமிழாகப் படிக்க முடியாது. யுனிகோடில்தான் வாங்க வேண்டும்.

பலர்: சாட்ஜிபிடியை என்ன செய்வது?

அதை வைத்து எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாருக்கும் பூஜ்யம் போடாதீர்கள், சொந்தமாக எழுதிய பிள்ளையையும் அது குற்றவாளியாக்கும். முதல் வரைவு வகுப்பில், கையால். தரவு அவர்களே எடுத்தது. இறுதியில் ஆளுக்கு 3 நிமிடம் வாய்மொழிக் கேள்வி: 'இந்த எண் எப்படி வந்தது?' மொழியைச் சீர்செய்ய சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியிருந்தால் எங்கே என்று ஒரு வரி எழுதித் தரட்டும். மேற்கோள் பட்டியலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு அது பட்டியல் தந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மேற்கோளின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரைக்கு இணையத்தில் தரும் தனி அடையாள எண்) தட்டிப் பார்த்து, திறந்த கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுத்து இணைக்கச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில், நூலகர்: 20 கணினிதான் இருக்கு. எந்த மென்பொருள் போட?

ஆவணம் எழுத லிப்ரே ஆபீஸும் மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஜோட்டெரோவும் போதும், இரண்டும் இலவசம். தலைப்புகளைக் கையால் தடித்த எழுத்தாக்காமல் ஸ்டைல் வசதியில் வைக்கப் பழக்குங்கள். பொருளடக்கமும் பக்க எண்ணும் தானாக வரும், கடைசி நாள் இரவில் எண்களைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கணிதம், இயற்பியல் பிள்ளைகளுக்கு மட்டும், சமன்பாடுகளை அழகாக அச்சுக்கோக்கும் லாடெக். அதில் தமிழும் வேண்டுமென்றால் ஸீலாடெக் வழியாக யுனிகோட் எழுத்துருவைக் கொடுக்க வேண்டும். 60 பேரை மூன்று அணியாகப் பிரித்தால் வாரம் ஒரு மணி ஒவ்வோர் அணிக்கும் கிடைக்கும். ஆனால் முதல் நான்கு வாரம் கணினிப் பக்கமே விடாதீர்கள், காகிதத்தில் எழுதட்டும்.