மழையில் நின்றுபோன நடையை மறுபடி தொடங்க

பழைய ஒரு மணி நேர நடைக்கு நேரே திரும்ப வேண்டாம், நாளைக்கு வாசலிலிருந்து 15 நிமிடம் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது, நடக்க ஆரம்பித்தால்தான் வரும்.

ஆனி மழையில் நடை நின்று, குறைத்த 6 கிலோவில் 3 திரும்பிவிட்டது, எடை பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது என்கிறீர்கள். அது முழுக்கக் கொழுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற சேமிப்பாக வைக்கும், அதில் ஒரு கிராம் சேர்ந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரும் தங்கும், உப்பு கூடினாலும் தண்ணீர் தங்கும். மழைக்காலத்தில் நாகர்கோவில் பக்கம் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிக் கிழங்கு) உப்புக் கருவாடும் இல்லாத வீடு ஏது?

ஒரு வாரம் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரு நாள் கணக்கை நம்பாதீர்கள், அந்த வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

கிழங்கை விட வேண்டாம். 100 கிராமில் சுமார் 160 கலோரி, அதனால் கிழங்கு தின்கிற வேளையில் சோறு வேண்டாம், தேங்காய் அரைத்த குழம்பைக் குறைத்து மீன் துண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், ஓயாத அசதியோ கால் வீக்கமோ இருந்தால் காட்டாமல் விடாதீர்கள், தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள்.