துணி புதுசு, உள்ளே மரம் எப்படி?

கேள்வி: 1946-இல் தயாரான ஏரோங்கா சாம்ப் 7ஏசி விமானம் ஒன்று விலைக்கு வருகிறது. பத்துப் பதினைந்து வருடம் முன்பு அதன் மேல் போர்த்திய துணியை மாற்றியிருக்கிறார்கள், இன்னும் பளபளவென்று இருக்கிறது. இறக்கையின் நீளத்துக்கு ஓடி அதைத் தாங்கும் உத்தரமான ஸ்பார் மரம் என்கிறார்கள். துணியைப் பிரிக்காமல் அதைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், துணியில் உள்ள சோதனைத் துளைகள் வழியாக. ஆனால் அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். பழைய பருத்தித் துணி சில வருடங்களில் நைந்துவிடும். மாற்றும்போதெல்லாம் யாராவது ஸ்பாரைக் கண்ணால் பார்த்தார்கள். பாலியெஸ்டர் துணி பல வருடம் தாங்குகிறது, அத்தனை வருடமும் மரம் இருட்டிலேயே கிடக்கிறது.

மரத்துக்கு முன் லாக்புக்கை, அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டைப் பாருங்கள். இறக்கை நுனி எப்போதாவது தரையில் இடித்ததா, விமானம் ஓடுபாதையில் கட்டுப்பாடிழந்து சுழன்றதா? நுனி பழுதுபார்த்ததாக ஒரு வரி இருந்தாலும் போதும். நுனியில் விழுந்த அடி ஸ்பாரை வளைத்து, உள்ளே அமுக்க விரிசல் உண்டாக்கியிருக்கலாம்.

மரம் நீளவாக்கில் பிளந்தால் எவர் கண்ணிலும் படும். அமுக்க விரிசல் அப்படியல்ல. இழைகள் நசுங்கி மடங்கிய இடம் அது; இழைக்குக் குறுக்கே, நகத்தால் கீறியது போல ஒரு மெல்லிய கோடு. டார்ச்சை நேராக அடித்தால் தெரியாது. ஸ்பாரின் நீளவாக்கில், ஏறக்குறைய மரத்தை உரசுகிற மாதிரி சாய்த்து அடித்தால் அந்த மடிப்பு நிழல் காட்டும். முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரட், அதாவது உடலிலிருந்து இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பி, வந்து சேரும் இடம், குறிப்பாக அங்கே ஒட்டியிருக்கும் பிளைவுட் பட்டையின் வெளிப்பக்க முனை. மேல், கீழ் விளிம்புகளையும் விடாதீர்கள், கண்ணாடி வைத்துப் பாருங்கள். அமுக்க விரிசல் என்று உறுதியானால் பசையோ பட்டையோ போட்டுச் சமாளிக்க முடியாது. ஸ்பாரையே மாற்ற வேண்டும்.

இந்த வரிசை விமானங்களின் மர ஸ்பாருக்காக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2000-25-02 என்ற உத்தரவே போட்டிருக்கிறது. அதன்படி சோதனை நடந்ததா என்று லாக்புக்கில் தேடுங்கள். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான அலுமினிய ரிப்களை ஸ்பாரோடு பிடித்திருக்கும் சின்ன ஆணிகளும் முக்கியம். தலை தூக்கிய ஆணி தெரிந்தால் அந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள்.

அப்புறம் ஈரம். போல்ட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அங்கே மரம் மெத்தென்று இருந்தால் மக்கல். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தால்தான் பூஞ்சை வளரும், அதனால் இறக்கையின் அடித்துணியில் உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வதே பாதிப் பராமரிப்பு. எலிக்கூடு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அதன் மூத்திரம் மரத்தையும் ஆணியையும் சேர்த்துக் கெடுக்கும். 1931-இல் கான்சஸில் ஃபாக்கர் விமானம் ஒன்று விழுந்து எட்டுப் பேர் இறந்ததும் இப்படித்தான்: மர இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசை விட்டுப்போயிருந்தது, வெளியிலிருந்து யாருக்கும் தெரியவில்லை.

உலர்ந்த ஊராக இருந்தால் மரம் சுருங்கி போல்ட் தளரும். பலம் காட்டி முறுக்கினால் மரம் நசுங்கும், கவனம்.

சோதனைத் துளைகள் போதாவிட்டால், மர விமானம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு துணியில் புதிதாக வெட்டி, வளையம் ஒட்டி மூடி போட்டுக்கொள்ளலாம். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு சாம்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செய்த விமானம்தானே அது.