பிறர் வரைபடமும் நம் கருவியும்

அன்புள்ள ஐயா,

செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றை, வேறொருவர் வெளியிட்ட சுற்று வரைபடத்தையும் நிரலையும் வைத்து, ஆர்டுயினோ என்னும் நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகையில் (போர்டு) செய்தேன். மோட்டார் ஓடத் தொடங்கியதும் போர்டு ரீசெட் ஆகி, நிரல் முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. மண்ணில் செருகிய ஈரப்பத சென்சாரின் ஒரு முள்ளும் அரித்துப்போய்விட்டது. கடையில் கிடைக்கும் பொருளை, அதுவும் பிறர் வரைந்ததைப் பார்த்துச் செய்வதில் என்ன படைப்பாற்றல் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் குறையாகச் சொன்ன அந்த இரண்டு இடங்களிலேயே பதில் இருக்கிறது. வரைந்தவரின் மோட்டார் வேறு, மின்வழங்கி வேறு, மண் வேறு. ஆகவே அவருடைய வரைபடம் உங்களிடம் எங்கே கைகொடுக்காமல் போகிறதோ, அங்கிருந்துதான் அந்தக் கருவி உங்களுடையதாகிறது.

நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், சீராக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். போர்டும் மோட்டாரும் ஒரே 5 வோல்ட் வழங்கியை நம்பியிருந்தால், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். மோட்டாருக்குத் தனி வழங்கி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் (பொது எதிர்முனைக் கம்பி) இணையுங்கள். மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை எதிர்த்திசையில் பற்றவைத்தால், மோட்டாரை நிறுத்தும்போது சுருளில் எழும் மின்னழுத்தத்திலிருந்து, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர் தப்பும். மோட்டாரை நேரே போர்டின் இணைப்பு முனையில் (பின்) இணைத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஆர்டுயினோ ஊனோ R3 போர்டில் ஒரு பின் தாங்கக்கூடிய உச்சவரம்பே 40 மில்லி ஆம்பியர்தான்.

சென்சாரின் சிக்கல் இன்னும் சுவையானது. ஈரமண்ணில் இரு முட்களுக்கிடையே ஓயாமல் நேர்மின்னோட்டம் பாய்வதால், மின்னாற்பகுப்பு நடந்து நேர்முனை முள் கரைகிறது. அளக்கும் வேளையில் மட்டும் சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து, அளந்ததும் நிறுத்தும்படி நிரலை மாற்றினால் அரிப்பு வெகுவாகக் குறையும். மின்தேக்குத்திறனை அளக்கும் சென்சாரில் உலோகம் மண்ணைத் தொடுவதே இல்லை. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், அது மூல வரைபடத்தில் இல்லாத, நீங்களே எடுத்த முடிவு.

பார்த்துச் செய்வது இழுக்கு என்பதை நான் ஏற்கவில்லை. 1975 ஜனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800 கணினியைப் பலர் உதிரிப்பாகங்களாக வாங்கித் தாங்களே பற்றவைத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவில் கூடத் தொடங்கிய, கணினி ஆர்வலர்களின் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்பில்தான், பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் தம் ஆப்பிள் 1 கணினியின் வரைபடத்தை, மற்றவர்களும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று இலவசமாகவே கொடுத்தார்.

திருத்தி முடித்ததும், உங்கள் வரைபடத்தை மூலத்தை வரைந்தவரின் பெயரோடு வெளியிடுங்கள். மோட்டார் தொடங்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுத்தது என்பதையும் அளந்து அதிலேயே குறித்துவிடுங்கள். அடுத்துச் செய்பவர் வழங்கியைத் தேர்ந்தெடுக்க அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த அளவுதான்.